போஸ்ட்கிரெஸ் பற்றி நிரலர்களுக்கு ஒரு புத்தகம்: எதில் எழுதுவது, எங்கே வெளியிடுவது?

கேள்வி: அரைப்புள்ளி

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் டீமில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் யாருடைய குவெரி இழுத்தடித்தாலும் கடைசியில் என்னிடம்தான் வரும். குவெரி ஓடும் வழியைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் எடுத்துப் பார்த்து, அந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் பிளானர் ஏன் இந்த வழியில் போனது என்று பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவேன். அப்படி விளக்கியதை எழுதி வைக்க ஆரம்பித்து, கூகுள் டாக்ஸில் நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. போஸ்ட்கிரெஸ் குவெரிகளை வேகமாக்குவது, அது ஒன்றுதான் விஷயம். படித்தவர்கள் புத்தகமாகப் போடச் சொல்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது.

எதில் எழுதுவது என்பதிலேயே நின்றுபோயிருக்கிறேன். மார்க்டவுன், ஆஸ்கிடாக், லேடெக், டைப்ஸ்ட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கிண்டிலில் போடுவதா, லீன்பப்பில் போடுவதா, என் தளத்திலேயே பிடிஎஃப்பாக விற்பதா? ஒரு பதிப்பகமும் பேசிக்கொண்டிருக்கிறது. அச்சில் பார்க்கவும் ஆசை. இதைச் செய்து முடித்தவர்கள் எதை முதலில் முடிவு செய்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி.

பதில்: நூலேணி

பதிப்பகம் பற்றி மட்டும் சொல்கிறேன், அந்தப் பக்கம் எனக்குத் தெரியும்.

தொழில்நுட்பப் புத்தகத்துக்குப் பதிப்பகங்கள் பொதுவாகத் தருவது, அவர்கள் கைக்கு வந்து சேரும் தொகையில் பத்து முதல் பதினைந்து சதவீதம். அட்டை விலையில் அல்ல, கடைக்காரர் கழிவு போன பிறகு மிஞ்சுவதில். தொகையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அதற்கு ஈடாகத் தொழில்நுட்பச் சரிபார்ப்பவர், மொழி திருத்துபவர், சொல்லடைவு தயாரிப்பவர், அச்சு, கடைகளில் இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. தனியாக வெளியிட்டால் அந்த ஒவ்வொரு வேலைக்கும் ஆள் தேடுவது நீங்கள்தான்.

ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைக் கூர்ந்து படியுங்கள். புத்தகம் விற்பனையில் இல்லாமல் போனால் உரிமை உங்களுக்குத் திரும்பி வருமா, எப்போது வரும் என்பது ஒன்று. மின்நூலும் அச்சடிக்கச் சொன்னால் அடிக்கும் முறையும் வந்த பிறகு ஒரு புத்தகம் 'தீர்ந்துபோவதே' இல்லை. அதனால் ஓராண்டு விற்பனை இந்த எண்ணிக்கைக்குக் கீழே போனால் உரிமை திரும்பும் என்று எண் போட்டு எழுதி வாங்குங்கள். இரண்டாவது, அதே விஷயத்தில் வேறு எங்கும் எழுதக் கூடாது என்று கட்டிப்போடும் வரி. போஸ்ட்கிரெஸ்தான் உங்கள் பிழைப்பு. அந்த வரியில் கையெழுத்துப் போட்டால் நாளைக்குப் பயிற்சி வகுப்புக்குக் குறிப்பு எழுதக்கூட அவர்களைக் கேட்க வேண்டி வரலாம்.

அதற்கும் முன்னால் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வேலைக் காலத்தில் எழுதும் எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர், மாதிரித் தரவு எதுவும் வேலையிடத்திலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது.

பதில்: இலைக்கணு

அரைப்புள்ளி, கருவியையும் கடையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் புத்தகத்தில் இருக்கிற ஒவ்வொரு குவெரியும் இன்றைக்கு ஓடுகிறதா, புத்தகத்தில் அச்சாகியிருக்கிற அதே விடையைத் தருகிறதா என்று ஒரே கட்டளையில் உங்களால் பார்க்க முடியுமா? அதற்கு 'முடியும்' என்று சொல்கிற நாளில் மற்ற கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்திருக்கும். நான் என் புத்தகங்களைச் சொந்தமாகத்தான் வெளியிட்டு வருகிறேன். எல்லா முடிவையும் இந்த ஒன்றிலிருந்துதான் எடுக்கிறேன்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், கதைப் புத்தகம் படிப்பவர் ஓர் எழுத்துப்பிழையைத் தாண்டிப் போய்விடுவார். நம் வாசகர் தாண்ட மாட்டார், நம்பித் தட்டச்சு செய்து ஓட்டுவார். பிழைச் செய்தி வந்ததும், புதியவராக இருந்தால், புத்தகத்தைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றாது. 'எனக்குத்தான் புரியவில்லை' என்று தன்னைச் சந்தேகிப்பார். ஒரு மாலைப் பொழுது போய்விடும். சிலர் அந்த அத்தியாயத்தோடு மூடி வைத்துவிடுவார்கள். ஓடாத நிரலை அச்சில் போடுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

கூகுள் டாக்ஸில் இருப்பதைப் பற்றி முதலில். அது நேர் மேற்கோள் குறியைத் தானாக வளைந்த குறியாக்கும். உரைநடைக்கு அது அழகு. குவெரி எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லில் ஒற்றை மேற்கோளுக்குள்தான் சொற்சரம் வரும், வளைந்த குறியோடு ஒட்டினால் குவெரி அங்கேயே விழும். இன்னொன்று, எஸ்க்யூஎல்லில் கமெண்ட் தொடங்குவது இரண்டு சிறு கோடுகளில். லேடெக் அந்த இரண்டையும் சேர்த்து ஒரே நீளக் கோடாக்கிவிடும். ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு ஃபைலை மாற்றித் தரும் பேண்டாக்கும் உரைநடைப் பகுதியில் அப்படித்தான் செய்யும். நிரல் என்று முறையாகக் குறித்த பகுதிக்குள் இரண்டும் கை வைக்காது. ஆகவே வரிக்கு நடுவில் வருகிற குட்டி நிரல் துண்டைக்கூடக் குறிக்காமல் விடாதீர்கள். வெறும் எழுத்துரு மாற்றிக் காட்டினால் போதாது.

இப்போது நான் செய்யும் முறை. ஒவ்வொரு எடுத்துக்காட்டும் தனி எஸ்க்யூஎல் ஃபைல். பக்கத்தில் அதன் எதிர்பார்க்கும் விடை இன்னொரு ஃபைலாக. புத்தகத்தின் உரையில் நான் நிரலை ஒட்டுவதே இல்லை, ஃபைல் பெயரையும் அதில் எந்தத் துண்டு என்பதையும் மட்டும் எழுதுகிறேன். பில்ட், அதாவது மூல ஃபைல்களிலிருந்து புத்தகத்தை உருவாக்கும் வேலை, நடக்கும்போது துண்டு உள்ளே வந்து உட்காரும். பில்டுக்கு முன்னால் ஒரு ஸ்கிரிப்ட் காலியான டேட்டாபேஸ் ஒன்றை எழுப்பி, எல்லா ஃபைலையும் ஓட்டி, வந்த விடையையும் எதிர்பார்த்த விடையையும் ஒப்பிடும். ஓர் எழுத்து மாறினாலும் பில்ட் நிற்கும், பிடிஎஃப் வராது. போஸ்ட்கிரெஸ்ஸை உருவாக்குபவர்களும் பழையது எதுவும் கெடவில்லையே என்று பார்க்கும் தங்கள் ரிக்ரெஷன் டெஸ்டுகளை இதே முறையில்தான் வைத்திருக்கிறார்கள். அந்த ஃபோல்டரைத் திறந்து ஒரு மணி நேரம் படியுங்கள், உங்கள் புத்தகத்துக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பைத்தானில் டாக்டெஸ்ட், ரஸ்டில் எம்டிபுக்கின் டெஸ்ட் கட்டளை, கோ மொழியில் விடையைக் கமெண்டாக எழுதி வைக்கும் எக்ஸாம்பிள் ஃபங்ஷன்கள் என்று மற்ற மொழிக்காரர்களுக்கு இது தயாராகவே கிடைக்கிறது. நமக்கு எக்ஸ்பிளெய்ன் விடையில்தான் சிக்கல், அது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். அதை அடக்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில்தான் பலர் அலுத்துப்போய்க் கையால் ஒட்ட ஆரம்பிக்கிறார்கள்.

பிளானின் வடிவம்தான் பேச்சு என்கிற இடங்களில் எக்ஸ்பிளெய்னில் காஸ்ட்ஸ் ஆஃப் போட்டுச் செலவு மதிப்பீட்டை மறைத்துவிடுங்கள். குவெரியை உண்மையிலேயே ஓட்டிக் காட்டும் அனலைஸ் சேர்க்கும்போது டைமிங் ஆஃப், சம்மரி ஆஃப் இரண்டும். நேரத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் மட்டும் உண்மையான எண்ணைக் காட்டி, 'உங்கள் கணினியில் வேறு வரும்' என்று அதே பக்கத்தில் சொல்லுங்கள், அந்த ஃபைலை ஒப்பீட்டிலிருந்து விலக்குங்கள். மாதிரித் தரவைச் சீரற்ற எண்களால் நிரப்பாதீர்கள். தொடக்கமாக ஒரு விதை எண் கொடுத்தால் ஒரே வரிசை வரும் என்பது ஒரே வெர்ஷனுக்குள் சரி. ஆனால் போஸ்ட்கிரெஸ் 15-ல் சீரற்ற எண் உருவாக்கும் முறையே மாறியது, அதே விதைக்கு 14-ல் ஒன்று, 15-ல் வேறொன்று. தொடர் எண்களைத் தரும் ஜெனரேட் சீரிஸ் எடுத்து, வகுத்து வரும் மீதியை வைத்துத் தரவை நீங்களே வடிவமையுங்கள். எந்த மதிப்பு எத்தனை தடவை வருகிறது என்பது உங்கள் கையில் இருக்கும், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸைப் பிளானர் ஏன் ஒதுக்கியது என்று விளக்கும்போது அதுவே கை கொடுக்கும்.

தரவை ஏற்றியதும், டேபிளைத் துப்புரவு செய்து புள்ளிவிவரம் எடுக்கும் வேக்யூம் அனலைஸ் ஓட்டுங்கள். இல்லையென்றால் எந்தப் பக்கத்தின் வரிசைகள் எல்லோருக்கும் தெரிபவை என்று குறிக்கும் விசிபிலிட்டி மேப் நிரம்பியிருக்காது. ஒரு தடவை இண்டெக்ஸை மட்டும் படிக்கும் இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன் வரும், டேபிளுக்கே போய்ப் பார்த்ததைச் சொல்லும் ஹீப் ஃபெட்சஸ் எண்ணிக்கை மறு தடவை வேறாக இருக்கும். பின்னணியில் தானாக ஓடும் ஆட்டோவேக்யூம் எந்த நொடியில் உள்ளே நுழைந்தது என்பதைப் பொறுத்துப் பிளானே மாறும். பேரலல் குவெரி அத்தியாயம் வரும் வரை பேரலல் ஒர்க்கர் எண்ணிக்கையைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள்.

இன்னொரு நுணுக்கம். டேபிளின் புள்ளிவிவரம் சேகரிக்கும் அனலைஸ் கட்டளை இயல்பாக எடுக்கும் மாதிரி 30,000 வரிசை. புள்ளிவிவர இலக்கு 100, அதை 300-ஆல் பெருக்கினால் வருவது. டேபிள் அதைவிடச் சிறியதாக இருந்தால் முழு டேபிளையும் படித்துவிடும், வரிசை மதிப்பீடுகள் ஆடாது. அதனால் மதிப்பீட்டு எண்கள் தேவைப்படும் அத்தியாயங்களுக்கு இருபதாயிரம் வரிசையில் ஒரு டேபிள் வையுங்கள். வேகம் காட்ட வேண்டிய இடத்துக்குப் பெரிய டேபிள் தனியாக.

அடுத்தது வெர்ஷன். போஸ்ட்கிரெஸ் வருடத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன் விடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருட ஆதரவு. எந்த நேரத்திலும் உங்கள் வாசகர்கள் ஐந்து வெர்ஷன்களில் சிதறியிருப்பார்கள். வித் போட்டு எழுதும் துணைக் குவெரி தனியாகக் கணக்கிடப்படும், வெளி நிபந்தனை உள்ளே போகாது என்று 11 வரை எழுதியவர் சரியாக எழுதினார். 2019-ல் 12 வந்தது. ஒரே ஒரு இடத்தில் பயன்படும், பக்க விளைவு இல்லாத துணைக் குவெரியைப் பிளானர் வெளியே இருப்பதோடு இணைத்துவிட ஆரம்பித்தது. அந்தப் பழைய அறிவுரை இன்றும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பல நெடுவரிசைகள் கொண்ட (மல்டி காலம்) இண்டெக்ஸில் முதல் நெடுவரிசைக்கு நிபந்தனை இல்லாவிட்டால் அந்த இண்டெக்ஸ் பெரிதாக உதவாது என்பது எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் விதி. 18-ல் ஸ்கிப் ஸ்கேன் வந்து, முதல் நெடுவரிசையில் வெவ்வேறு மதிப்புகள் குறைவாக இருக்கும்போது அந்த விதியைத் தளர்த்திவிட்டது. அதே 18-ல் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் பஃபர் விவரத்தையும் கேட்காமலே காட்ட ஆரம்பித்தது. 17-ல் எடுத்து ஒட்டிய அத்தனை விடையும் ஒரே நாளில் பழசாகிவிட்டது.

கையால் ஒட்டியவர் அன்றைக்கு நூற்றைம்பது பக்கத்தையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர் வெர்ஷன் எண்ணை மாற்றி ஓட்டுவார், எந்தெந்த எடுத்துக்காட்டு மாறியது என்று பட்டியல் வரும், அந்தப் பத்திகளை மட்டும் திருத்துவார். ஆதரவில் உள்ள ஐந்து வெர்ஷனையும் கண்டெய்னரில் வைத்து ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓட்டலாம். விடை மாறும் இடத்தில் 'வெர்ஷன் 18 முதல்' என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. இண்டெக்ஸின் மர அமைப்பான பிட்ரீ எப்படிப் பிளக்கிறது, ஒரு வரிசையின் பல பதிப்புகளை வைத்திருக்கும் எம்விசிசி முறை ஏன் பழைய வரிசைகளை விட்டு வைக்கிறது, புள்ளிவிவரத்திலிருந்து மதிப்பீடு எப்படிப் பிறக்கிறது என்கிற பக்கங்கள் சீக்கிரம் பழசாகாது. உழைப்பை அங்கே கொட்டுங்கள்.

இந்தத் தேவைகளை வைத்துத்தான் நான் ஆஸ்கிடாக் எடுத்தேன். ஃபைலிலிருந்து ஒரு துண்டை மட்டும் பெயர் சொல்லி இழுக்க முடிகிறது. நிரல் வரிக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் எண் போட்டுக் கீழே விளக்கம் எழுத முடிகிறது. எக்ஸ்பிளெய்ன் விடையை விளக்க இதைவிடத் தோதான வசதி இல்லை. அத்தியாயங்களுக்கு இடையே குறிப்பு கொடுப்பது, சொல்லடைவுக்குச் சொல்லைக் குறிப்பது எல்லாம் மொழியிலேயே இருக்கிறது. மார்க்டவுனின் 2014 பொது வரையறையில் டேபிளோ அடிக்குறிப்போ கிடையாது. பேண்டாக் சேர்த்துத் தருகிறது, ஆனால் ஃபைல் துண்டை இழுக்க நீங்கள் ஃபில்டர் எழுத வேண்டும். அதுவும் கெட்டுப்போகாது, நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். லேடெக்கும் டைப்ஸ்டும் பிடிஎஃப் பக்கத்தை மனதில் வைத்துப் பிறந்தவை. பக்கம் அழகாக வரும், மின்நூல் வடிவமான ஈபப் தேவை என்றால் வழி சுற்று.

கருவியை ஒரு வாரத்தில் முடிவு செய்துவிட்டு எழுத உட்காருங்கள். கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் தன் நூல் வரிசையின் இரண்டாம் தொகுதி மறுபதிப்பின் அச்சுப்படிகள் பிடிக்காமல் 1977-ல் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்க இறங்கினார், அந்த வேலை ஏறத்தாழப் பத்து வருடத்தை எடுத்துக்கொண்டது. உலகத்துக்கு அதனால் நல்லதுதான் நடந்தது. ஆனால் நமக்கு முடிக்க வேண்டியது போஸ்ட்கிரெஸ் புத்தகம்.

அச்சு ஆசை இருக்கிறது என்றீர்களே, பக்க அளவை இப்போதே முடிவு செய்யுங்கள், எழுதி முடித்த பிறகு அல்ல. 6×9 அங்குலப் பக்கத்தில் இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் விட்டால் எழுத்துக்கு மிஞ்சுவது நாலரை அங்குலம், அதாவது 324 புள்ளி (அச்சு அளவான பாயிண்ட்). சம அகல எழுத்துருவில் ஓர் எழுத்தின் அகலம் பொதுவாக அளவில் 0.6 பங்கு. 8.5 புள்ளி அளவில் 5.1 புள்ளி. வரிக்கு 63 எழுத்து. 7×10 பக்கம் எடுத்தால் 77 எழுத்து. எதையும் அணைக்காமல் எடுத்த எக்ஸ்பிளெய்ன் அனலைஸின் ஒரு வரி சர்வசாதாரணமாக நூறைத் தாண்டும். காஸ்ட்ஸ் ஆஃப் போட்டால் பெரும்பாலானவை 77-க்குள் அடங்கும். டேபிளுக்கும் இண்டெக்ஸுக்கும் சின்னப் பெயராக வையுங்கள். அகலம் மீறிய வரி இருந்தால் பில்டை நிறுத்தும் ஒரு சோதனையையும் ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள்.

வாசிப்புக் கருவிகளில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. வண்ண அச்சுக்குச் செலவு ஏறும். 'சிவப்பில் உள்ள வரியைப் பாருங்கள்' என்று எழுதாதீர்கள், தடித்த எழுத்தோ வரி எண்ணோ போதும். நிரலை ஒருபோதும் படமாகப் போடாதீர்கள். எழுத்தைப் பெரிதாக்க முடியாது, நகல் எடுக்க முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு அந்த இடம் வெற்றிடம். நம் துறையில் பார்வையற்ற நிரலர்கள் இருக்கிறார்கள்.

பதில்: ஓரக்குறிப்பு

இலைக்கணு சொன்னதற்குப் பிறகு விற்பனை பற்றி எழுதுவது சுலபம், ஏனென்றால் அப்படி ஒரு பில்ட் இருந்தால் ஒரே மூலத்திலிருந்து பிடிஎஃப், ஈபப், ஹெச்டிஎம்எல் மூன்றும் வந்துவிடும். ஒரு கடையையே நம்பி இருக்க வேண்டாம்.

கிண்டிலில் 70 சதவீதம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மின்நூல் விலை 2.99 டாலரிலிருந்து 9.99 டாலருக்குள் இருந்தால்தான். ஃபைல் அளவுக்கு ஏற்ற அனுப்பும் கட்டணமும் அதில் கழியும், படங்கள் நிறைய இருந்தால் கவனியுங்கள். 9.99-ஐத் தாண்டினால் 35 சதவீதம். தொழில்நுட்பப் புத்தகங்கள் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேதான் விலை வைக்கப்படுகின்றன, அதனால் இந்தக் கணக்கு நம் ஆட்களை நேராகப் பாதிக்கும். கிண்டிலின் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் மின்நூலை வேறு எங்கும் விற்கக் கூடாது, உங்கள் தளத்திலும் கூடாது. சேரும் முன் யோசியுங்கள்.

லீன்பப் 80 சதவீதம் தருகிறது. அதைவிட முக்கியம், முடியாத புத்தகத்தையும் அங்கே விற்கலாம். வாங்கியவருக்குப் பின்னால் வரும் எல்லாத் திருத்தமும் அதே விலையில் கிடைக்கும். வருடா வருடம் மாறும் விஷயத்தை எழுதுகிறவருக்கு இது பொருத்தம். கிண்டிலில் திருத்தப் பதிப்பு ஏற்றினால் ஏற்கெனவே வாங்கியவர் கருவிக்குத் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

சொந்தத் தளத்தில் விற்பதாக இருந்தால் ஒன்று. மின்பொருளுக்குப் பல நாடுகளில் வாங்குபவர் இருக்கும் நாட்டின் வரி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படித்தான். சட்டப்படி விற்பனையாளராகத் தாங்களே நின்று வரியைக் கட்டிவிடும் இடைத்தரகுச் சேவைகள் இருக்கின்றன, அவற்றின் வழியாக விற்பது நிம்மதி.

அச்சுக்கு, கிண்டிலின் வெளியீட்டுச் சேவையான கேடிபி இலவச ஐஎஸ்பிஎன் (புத்தக அடையாள எண்) தரும். ஆனால் அந்த எண்ணை அங்கே மட்டும்தான் பயன்படுத்த முடியும். வேறு அச்சகம், வேறு கடை என்று போகும் எண்ணம் இருந்தால் சொந்தமாக எண் வாங்கி வையுங்கள். அச்சுக்கு ஒன்று, ஈபப்புக்கு ஒன்று எனத் தனித்தனி எண் வேண்டும். கிண்டில் மின்நூலுக்கு ஐஎஸ்பிஎன் கட்டாயம் இல்லை.

உரிமம் பற்றியும் யோசியுங்கள். உரைக்கு நீங்கள் எதை வைத்தாலும், நிரலுக்குத் தனியாக எம்ஐடி போன்ற ஓர் உரிமம் கொடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே தன் உரிமங்களை மென்பொருளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. உங்கள் குவெரியைத் தன் வேலையில் போடலாமா என்று வாசகர் தயங்கக் கூடாது.

அரைப்புள்ளி

மூவருக்கும் நன்றி. வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், நூலேணி சொன்ன அந்த வரி அப்படியே இருக்கிறது. அனுமதி கேட்டு எழுதிவிட்டேன். மாதிரி டேபிள்களை ஒரு நூலக இரவல் முறையாக மாற்றி அமைக்கப் போகிறேன். பதிப்பகத்திடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன், வருடத்துக்கு ஒரு திருத்தத்துக்கு அவர்கள் ஒத்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

இலைக்கணுவிடம் மூன்று கேள்வி. நூற்றைம்பது பக்கத்தை எப்படி இடம் மாற்றுவது? சரிபார்க்க யாரைப் பிடிப்பது? இணையத்தில் இலவசமாகவும் வைத்தால் யாராவது வாங்குவார்களா?

இலைக்கணு

பக்கங்களை மாற்றாதீர்கள், குவெரிகளை மாற்றுங்கள். டாக்ஸைத் திறந்து முதலிலிருந்து கடைசி வரை நிரல் துண்டுகளை மட்டும் எடுத்து ஃபைல் ஃபைலாகச் சேமியுங்கள். உரை அங்கேயே இருக்கட்டும். ஃபைல்களை ஓட்டிப் பாருங்கள். புதிய டேபிள்களுக்கு மாற்றும்போது எப்படியும் ஒவ்வொன்றையும் தொட வேண்டியிருக்கும், அதோடு இதுவும் முடியும். சில எடுத்துக்காட்டுகளில் நீங்கள் சொன்ன பிளான் வராது. அந்த இடங்களில்தான் புத்தகத்தின் நல்ல பக்கங்கள் பிறக்கும். ஏன் வரவில்லை என்று தேடிப் போய் எழுதுகிற பத்தி, முன்பு நினைவிலிருந்து எழுதியதைவிட நிச்சயம் ஆழமாக இருக்கும்.

எல்லாம் ஓடிய பிறகு உரையை வேர்டு ஃபைலாக இறக்கி, பேண்டாக்கில் ஆஸ்கிடாக்காக மாற்றுங்கள். தலைப்பும் பத்தியும் ஒழுங்காக வந்துவிடும். நிரல் இருந்த இடங்களை அழித்துவிட்டு ஃபைல் பெயரைப் போடுங்கள். எல்லா அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். மல்டி காலம் இண்டெக்ஸ் அத்தியாயம் இருக்கும் இல்லையா, அதில் ஆரம்பியுங்கள். வெர்ஷனுக்கு வெர்ஷன் விடை மாறுவது அங்கேதான், உங்கள் ஸ்கிரிப்டில் உள்ள ஓட்டை எல்லாம் அந்த ஓர் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும்.

சரிபார்க்க இரண்டு விதமான ஆள் வேண்டும், ஒருவரே இரண்டும் ஆக முடியாது. உங்களைவிட போஸ்ட்கிரெஸ்ஸில் ஆழம் உள்ளவர் ஒருவர். அவரிடம் முழுப் புத்தகத்தையும் நீட்டாதீர்கள், அவர் நேரம் அரிது. 'பிளானர் இதனால்தான் இப்படிச் செய்கிறது' என்று நீங்கள் காரணம் சொல்கிற பத்திகளை மட்டும் தொகுத்துக் கொடுங்கள். நிரல் ஓடுவதை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும், காரணம் சரியா என்பதை எந்த ஸ்கிரிப்டும் சொல்லாது. அவர் வேலைக்குப் பணம் கொடுங்கள். பணம் வேண்டாம் என்றால் அட்டையில் இல்லாவிட்டாலும் முதல் பக்கத்தில் அவர் அனுமதியோடு பெயர் போடுங்கள்.

இன்னொருவர், நீங்கள் யாருக்காக எழுதுகிறீர்களோ அவர். எஸ்க்யூஎல் எழுதத் தெரிந்த, எக்ஸ்பிளெய்ன் திறந்தே பார்க்காத ஒருவர். ஓர் அத்தியாயத்தைக் கொடுத்து, அவர் கணினியில் அவரே செய்ய விட்டு, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள். வாய் திறக்காமல் என்பதுதான் கடினம். நீங்கள் பழகியது பக்கத்தில் உட்கார்ந்து விளக்கி. புத்தகம் போன இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அவர் எந்த வரியில் திரும்பிப் போய் மறுபடி படிக்கிறார், எங்கே வேறு தாவலைத் திறந்து தேடுகிறார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்பார், கண்ணும் கையும் உண்மையைச் சொல்லும்.

மொழி திருத்துபவருக்கும் தனியாக ஒதுக்குங்கள். சொல்லடைவை விட்டுவிடாதீர்கள். குவெரி நின்றுபோன நேரத்தில் நம் புத்தகத்தை எடுப்பவர் ஒரு சொல்லைத் தேடித்தான் வருவார். 'பிட்மேப் ஹீப் ஸ்கேன்' என்பதற்கு எதிரே பக்க எண் இருக்க வேண்டும். மின்நூலில் தேடல் வசதி இருக்கிறதே என்பார்கள். அந்தச் சொல் வரும் எண்பது இடத்தையும் தேடல் காட்டும், விளக்கம் இருக்கும் ஓர் இடத்தைச் சொல்லடைவுதான் காட்டும்.

இலவசம் பற்றி என் கருத்து, முழுப் புத்தகத்தையும் ஹெச்டிஎம்எல்லாகத் திறந்து வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். நம் வாசகர் தேடுபொறி வழியாக ஒரு பிழைச் செய்தியோடு வந்து நிற்கிறார். நேராகப் பதில் இருக்கும் பக்கத்தில் இறங்கி, அங்கே அவர் வேலை முடிந்தால் முழுவதையும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றும். வாங்குபவர் வாங்குவது ஆஃப்லைன் பிரதியையும், தொடர்ச்சியாகப் படிக்கும் வசதியையும், அச்சையும். மனம் ஒப்பவில்லையா, முதல் மூன்று அத்தியாயத்தைத் திறந்து வையுங்கள். ஆனால் நடுவில் வெட்டிய பத்தியைக் காட்டி 'மீதிக்கு வாங்கவும்' என்று போடாதீர்கள், அவசரத்தில் வந்தவருக்கு அது செய்யக் கூடாதது. பிடிஎஃப்புக்குப் பூட்டும் போட வேண்டாம். பூட்டு தடுப்பது காசு கொடுத்தவரைத்தான்.

பிழை திருத்தப் பட்டியலுக்கு முதல் நாளே ஒரு பக்கம் திறந்துவிடுங்கள். நூத் தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பி வந்தார், அதாவது 256 சென்ட், 256-ஐப் பதினாறடிமான எண்முறையில் எழுதினால் 100. நாம் பணம் அனுப்ப வேண்டாம், பிழை சொன்னவருக்கு அன்றே பதில் எழுதினால் போதும். புத்தகத்துக்கும் மென்பொருள் மாதிரி வெர்ஷன் எண் கொடுங்கள், தலைப்புப் பக்கத்தின் பின்புறம் அந்த எண்ணும், எந்தெந்த போஸ்ட்கிரெஸ் வெர்ஷனில் ஓட்டிப் பார்த்தது என்பதும் இருக்கட்டும். பிழை சொல்லி எழுதுபவர் எந்தப் பிரதியை வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரியும்.

மல்டி காலம் இண்டெக்ஸ் அத்தியாயம் ஐந்து வெர்ஷனிலும் ஓடியதும் ஃபைல்கள் இருக்கும் ரெப்போவின் முகவரியை இங்கே போடுங்கள். நான் என் கணினியில் இறக்கி ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.